அண்ணி தூங்கிய மத்தியானம்

கல்யாணமாகி பாகூருக்கு வந்த மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில், ஊரே செத்துப்போய்விட்டதோ என்று பயந்துபோனேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் பிறந்து வளர்ந்தது வில்லியனூர் கடைத்தெருவில். அப்பாவுக்கு அங்கே தானியக் கடை. எங்கள் வீட்டில் பகலில் யாரும் படுத்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு சொம்பு மோர்க் கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டு மறுபடி கடையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். "கடக்காரன் வவுறு முட்டத் துன்னா தராசும் கூடச் சேந்து தூங்கிடும்" என்பார் அப்பா. சோறு, குழம்பு, பொரியல் என்று உட்கார்ந்து சாப்பிடுவதெல்லாம் கடை சாத்திய பிறகுதான். அதனால் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவு எனக்குப் பதினெட்டு வயது வரை தெரியாமலே இருந்தது.

என் கணவர் வீடு நெல் விளைகிற வீடு. ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம். ஓரமாகக் கொஞ்சம் கரும்பும் உண்டு. ஆண்கள் விடியலில் வயலுக்குப் போய் உச்சிப்பொழுதில் திரும்புவார்கள். இலை நிறையச் சோறு. முதலில் குழம்பு, பிறகு ரசம், கடைசியில் எருமைத் தயிர். தயிர்ச்சோறு பாதியில் இருக்கும்போதே கண்கள் சொருகத் தொடங்கும். கை கழுவ எழுந்து போகிற நடை, சாப்பிட வந்த நடையாக இருக்காது.

அந்த மூன்றாம் நாள் நான் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு வெளியே வந்து பார்த்தால், மாமனார் கயிற்றுக் கட்டிலில் வாய் திறந்து கிடக்கிறார். என் கணவர் கூடத்தில் தூண் ஓரமாக வெறுந்தரையில். மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அடுக்களை நிலைப்படியில் தலை வைத்துக் கால்களைக் குறுக்கிக்கொண்டு. தெருவை எட்டிப் பார்த்தேன். ஒரு குரல் இல்லை. கிணற்று உருளைகூடக் கிரீச்சிடவில்லை. எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம் அது. மேரி என்று நாங்கள் சொல்லும் ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் மூவண்ணக் கொடி காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே பிரெஞ்சு சர்க்கார் சிப்பாய் சிவப்புத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

உள்ளே வந்து குத்திய அரிசியில் ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக, சின்னதாக, ஒன்றுமறியாததுபோல இருந்தது. அரை நாழிகைக்கு முன்னால் வாய்க்கால் மடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அப்பனும் பிள்ளையும் இதோ பச்சைக் குழந்தைகள்போலக் கிடக்கிறார்கள். யாரும் அடித்துப் போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. நான் வடித்த சோறு செய்த வேலை. எனக்குக் கை கூசியது. அரிசியைத் திரும்பக் கொட்டிவிட்டுக் கும்பிட்டேன்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், இரண்டு வருஷம் கழித்து, தூக்கத்தையே தொலைக்கப்போகிற ஒருத்தர் வந்து சேர்ந்தார். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணியை ஒதியம்பட்டில் கொடுத்திருந்தது. அவர் புருஷன் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனுக்குப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரைச் சொல்தா என்றுதான் சொல்வது. கப்பல் தவறாமல் கடிதம் வரும். அதை அண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு நடப்பார் என்று சொல்வார்கள். பிறகு ஐரோப்பாவில் சண்டை மூண்டது. பாரீஸையே ஜெர்மன்காரன் பிடித்துவிட்டான் என்றார்கள். ஜப்பான்காரன் சைகோனுக்குள் வந்துவிட்டான் என்றார்கள். கடிதம் நின்றது. மாமியார் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அண்ணி தாய்வீட்டுக்கு வந்துவிட்டார்.

வரும்போதே ஒரு விரதத்தோடு வந்தார். புருஷனிடமிருந்து ஒரு வரி வருகிற வரைக்கும் ஒருவேளைச் சோறுதான். அதிலும் மீன், கறி, நெய், தயிர் எதுவும் கிடையாது. அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அண்ணி கேட்கவில்லை. ஒருவேளைச் சோறு அரை வேளையாகி, பிறகு நாலு கவளமாகச் சுருங்கியது. சோறு குறையக் குறையத் தூக்கமும் குறைந்தது. ஆறேழு மாதத்தில், நானறிய அண்ணி படுத்துக் கண் மூடியதே இல்லை. கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல ஆகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு எங்கோ போய்விடும். அம்மியில் கையை நசுக்கிக்கொண்டு வலி தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

தாயத்து கட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பாட்டில் மருந்து வந்தது. அது கசந்ததுதான் மிச்சம்.

மத்தியானத்தில் வீடு சாய்ந்த பிறகு விழித்திருப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கடைத்தெருப் பழக்கம். அண்ணிக்கு அந்த நோய். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு. அதன் நிழலில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் உள்ளேயிருந்து மாமனாரின் குறட்டை கேட்டது. அண்ணி அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு அது எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சிடி."

அன்றைக்கு எனக்கு ஒரு வீம்பு வந்தது. சோறு இத்தனை பேரைச் சாய்க்கிறதே, இந்த ஒருத்தரைச் சாய்க்காதா? சமைத்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். விரதத்துக்குக் குறுக்கே போகாமல், தூக்கம் தரும் என்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். சின்ன வெங்காயத்தைச் சுட்டுப்போட்டுக் குழம்பு. மொச்சைப் பயறு. நெய் விடாத வெல்லப் பொங்கல். ஒரு வாரம் என் அடுக்களை அடங்கவே இல்லை. வீட்டில் மற்ற எல்லோரும் மரம்போல விழுந்தார்கள். மாமனார் விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. என் கணவர் ஒருநாள் கை கழுவாமலே இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னாத்தடி போட்ற சோத்துல?" என்று கேட்டார்.

அண்ணி நாலு வாய் சாப்பிட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, பழையபடி பூவரசடியில் போய் உட்கார்ந்தார்.

கடைசியாகக் கசகசாவையும் தேங்காயையும் ஒரு பிடி அரிசியோடு விழுதாக அரைத்து, வெல்லம் போட்டுப் பாயாசம் வைத்தேன். பெரிய தவலை நிறைய. தெருவில் நாலைந்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினேன். அண்ணி இரண்டு கரண்டி குடித்தார். எனக்காகத்தான் குடித்தார் என்று எனக்குத் தெரியும். அன்றைய மத்தியானம் தெருவுக்குத் தெருவே அடங்கிக் கிடந்தது. அண்ணி மட்டும் கிணற்றடியில் விழித்த கண் விழித்தபடி. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு மீன்காரம்மா வந்தார்.

கடலோரத்துப் பனித்திட்டிலிருந்து வாரம் இரண்டு நாள் கூடை சுமந்து நடந்து வருகிறவர். அண்ணியின் வயதுதான் இருக்கும். கட்டையான உடம்பு, உரத்த குரல். எப்போதும் காலையிலேயே வந்துவிடுவார். அன்றைக்குப் படகுகள் கரைக்கு வரத் தாமதமாகிவிட்டதாம். கூடையை இறக்கி நிழலில் வைத்தார். மேலே மூடியிருந்த ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னாம்மா இது, ஊரே சாஞ்சி கெடக்குது? எந்த வூட்லயும் கதவு தொறக்கல."

"எங்க வூட்டுக்கு மீனு வாணாம்" என்றார் அண்ணி.

"மீனு வாங்கச் சொல்லலம்மா. கொஞ்சம் தண்ணி ஊத்து. சோறு துன்னுட்டுப் போய்டறேன். காலைலேருந்து பல்லுல பச்சத் தண்ணி படல."

நான் தண்ணீர் கொண்டு வந்தேன். மீன்காரம்மா எங்களிடமிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து கலயத்தின் கட்டைப் பிரித்தார். பழைய சோறு. அதன் மேல் ஒரு சின்னச் சட்டியில் முந்தின நாள் வைத்த கவலை மீன் குழம்பு, மாங்காய் போட்டது. கவலை என்றால் எங்கள் கரையில் ஒரு மீனின் பெயர். ஏழை பணக்காரர் எல்லோரும் வாங்குகிற மீன். ஒரு நாள் ஊறிய அந்தக் குழம்பின் வாசனை கிணற்றடி முழுக்கப் பரவியது. அண்ணியின் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மீன்காரம்மாவும் பார்த்துவிட்டார்.

"நீ எப்பம்மா கடைசியா வவுறு நெறையத் துன்ன?"

"நான் விரதம்."

"யாருக்காவ?"

"எங்க வூட்டுக்காரரு சைகோன்ல இக்கிறாரு. ஒன்ற வருசமா காயிதம் இல்ல."

மீன்காரம்மா சோற்றில் குழம்பை ஊற்றினார். பிறகு கேட்டார்: "அவரு மீனு துன்னுவாரா?"

அண்ணியின் முகத்தில், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. "மீனுன்னா உசுர வுடுவாரு."

"அப்ப அவருக்குப் பதிலா நீ துன்னு."

"ஐயோ, வாணாம்."

"இன்னா வாணாம்? எங்க வூட்டுக்காரரு தெனம் கடலுக்குப் போறாரு. அவரு கரைக்கு வர்ற வரைக்கும் நான் பட்டினி கெடந்தா இந்தக் கூடைய யாரு தூக்கறது? கடலுக்கு அந்தாண்ட கீற உன் வூட்டுக்காரருக்கு நான் எப்பிடிக் குடுப்பேன்? உனக்குத்தான் குடுக்க முடியும். கைய நீட்டு."

சோற்றைக் குழம்போடு பிசைந்து ஓர் உருண்டை உருட்டி நீட்டிக்கொண்டே இருந்தார். கை தாழவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடத் தூக்கித்தான் ஊற்றுவோம். அந்தக் கையிலிருந்து அண்ணி வாங்குவாரா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி நகர்ந்து நகர்ந்து அந்த நாலடியைக் கடந்தார். கை நீட்டினார்.

முதல் உருண்டையை மென்றாரா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டாவதுக்குக் கை தானாக நீண்டது. மூன்றாவது, நான்காவது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் நிற்கவில்லை. மீன்காரம்மா முள்ளை எடுத்துவிட்டு எடுத்துவிட்டுக் கொடுத்தார். கலயத்தின் அடியில் இருந்த நீராகாரத்தையும் உப்புப் போட்டு அண்ணி தூக்கிக் குடித்தார். மீன்காரம்மாவுக்கென்று ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான்..." என்றார். அடுத்த சொல் வரவில்லை. இமைகள் ஒருமுறை இறங்கி ஏறின. மறுபடி இறங்கின, பாதிதான் ஏறின. பல மாதமாக விறைத்துக் கிடந்த தோள்கள், வெந்நீர் ஊற்றிய மெழுகுபோலத் தளர்ந்தன. உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து மீன்காரம்மாவின் தோளில் விழுந்து, அங்கிருந்து மடிக்குச் சரிந்தார். கையில் பருக்கை ஒட்டியிருந்தது. கழுவவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்து, பிறகு சீரானது.

தூங்கிவிட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். முகத்திலிருந்து பத்து வயது போயிருந்தது. நெற்றியில் இருந்த கோடு இல்லை. இத்தனை மாதம் தாயத்துக்கும் மருந்துக்கும் என் கசகசாவுக்கும் வராத ஒன்று, பழைய சோற்றுக்கு வந்து இங்கே இறங்கியிருக்கிறது. சாமி வந்து இறங்குவதைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். அங்கே உடுக்கை அடிப்பார்கள், கூட்டம் இரையும். இது ஓசையில்லாமல் இறங்கியது.

மீன்காரம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண் மட்டும் ஒருமுறை கூடைப் பக்கம் போய்த் திரும்பியது. நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. பச்சை மீன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் நாய்கூட முகராது. எழுந்து போனால் அண்ணி விழித்துவிடுவார். மீன்காரம்மா எழுந்திருக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினேன்.

"இன்னாம்மா பண்ற?" என்று மீன்காரம்மா உதட்டை மட்டும் அசைத்தார்.

"நான் வித்துட்டு வர்றேன்" என்று நானும் உதட்டை மட்டும் அசைத்தேன்.

தலையில் வைக்கத் தெரியவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனேன். மீன் தண்ணீர் புடவையில் ஒழுகிக் காலில் வழிந்தது. தெருவில் குரல் எடுத்துப் பேசினாலே "பொம்பளைக்கு இன்னா சத்தம்" என்று கேட்கிற வீட்டின் மருமகள் நான். தெருமுனையில் நின்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்திக் கிடந்தன. வெயில் மண்ணில் கொதித்தது. நானே கொடுத்தனுப்பிய பாயாசத்தைக் குடித்துவிட்டுத் தூங்குகிறவர்களை நானே எழுப்ப வேண்டும்.

"கவல..." என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி, "கவலை, கவலை மீனு!" என்று கத்தினேன். என் கவலையைத்தான் தெருவில் கூவி விற்கிறேன் என்று அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு முட்டியது.

முதல் கதவு திறந்தது. எதிர்வீட்டம்மா. கொண்டை அவிழ்ந்து, கன்னத்தில் பாய்த் தடம் பதிந்து நின்றவர், என்னைப் பார்த்து இரண்டு முறை கண்ணைக் கசக்கினார்.

"இன்னாடி இது கோலம்? உங்க மாமனாருக்குத் தெரியுமா?"

"அண்ணி தூங்கறாங்க" என்றேன்.

"இன்னாது?"

"அண்ணி தூங்கறாங்க. மீன்காரம்மா மடியில. அவங்க எழுந்திருக்க முடியாது. அதான் நான்."

அவர் உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தார். மீனை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவை அவரே தட்டினார். "அந்தப் பொண்ணு தூங்கிடுச்சாம்" என்றார். அண்ணியின் தூக்கமில்லாமை அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் அதற்குப் பிறகு கூவவே இல்லை. எனக்கு முன்னால் சேதி போய்க்கொண்டிருந்தது. பெண்கள் சட்டியோடு வாசலில் நின்றார்கள். ஒருத்தர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். எங்கள் கொல்லையை ஒட்டிய வீட்டில் உலக்கைச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். குரைக்கிற நாயை யாரோ ஏரிக்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். மாடு கட்ட வந்த வண்டிக்காரர் மணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். அடித்துப் போட்டாற்போலக் கிடந்த தெரு முழுக்க எழுந்து, ஒருத்தருடைய தூக்கத்துக்குக் காவல் நின்றது.

வெறுங்கூடையோடு நான் திரும்பியபோது கொல்லையில் அத்தை நின்றுகொண்டிருந்தார். என் புடவையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். மீன்காரம்மாவின் மடியில் தன் மகள் வாய் திறந்து தூங்குவதைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த குழம்புச் சட்டியையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அத்தை போய் விசிறியை எடுத்து வந்து, மீன்காரம்மாவை ஒட்டி மண்ணில் உட்கார்ந்தார். மகளுக்கும் அவருக்கும் சேர்த்து ஈ ஓட்ட ஆரம்பித்தார். பிறகு என்னிடம், "அதுக்குச் சோறு போட்டுக் கொண்டா. பசியோட குந்தியிருக்கு" என்றார். மீன்காரம்மா அண்ணியின் தலை அசையாதபடி ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் சாப்பிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணி கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு கையில் காய்ந்த பருக்கையைப் பார்த்ததும் நடுங்கிப்போனார்.

"நான் துன்னுட்டேனே. விரதம் கெட்டுப்போச்சே. அவருக்கு எதுனா ஆச்சின்னா?"

"விரதந்தான் கெட்டுச்சி, நீ கெடலியே" என்றார் அத்தை. "அது போதும் எனக்கு."

மீன்காரம்மாவுக்குக் கால் மரத்து எழுந்திருக்க முடியவில்லை. நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். என் கணவர் வண்டி கட்டிப் பனித்திட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவந்தார்.

அன்று ராத்திரியும் அண்ணி தூங்கினார். மறுநாள் எழுந்து, பசிக்கிறது என்றார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கடிதம் நினைவு வந்த நாட்களில் மறுபடி கிணற்றடிக்குப் போய் உட்காருவார். ஆனால் சோற்றைத் தள்ளவில்லை. சோற்றைத் தள்ளாதவரைத் தூக்கமும் தள்ளிவைக்கவில்லை.

பிற்பாடு என் தலைப்பிரசவத்துக்கு வில்லியனூரில் இருந்தபோது ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். சாப்பிட்டவுடன் ரத்தமெல்லாம் வயிற்றுக்கு ஓடுகிறது, மூளைக்குக் குறைகிறது, அதனால் தூக்கம் என்றார். இப்போது அது அவ்வளவு சரியில்லை என்கிறார்கள். குடலிலிருந்தே ஏதோ சுரந்து மூளைக்குச் சேதி போகிறதாம். மாவும் இனிப்பும் மிகுந்த சாப்பாடு அதைக் கூட்டுமாம். உச்சிக்குப் பிறகு மனித உடம்பு சாப்பிடாவிட்டாலும் ஒருமுறை தளருமாம். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் என் பாயாசத்திலும் மாவும் இனிப்பும் இருந்தன. அதற்கு வராத சேதி பழைய சோற்றுக்கு எப்படிப் போனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சண்டை முடிந்து சைகோனிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருஷம் ஆளும் வந்தார். பாதி உடம்பாகத்தான் வந்தார், ஆனால் வந்தார். அண்ணி அவரிடம் முதல் வேலையாக விரதம் முறித்ததைச் சொல்லிவிட்டாராம். "நல்லவேள" என்றாராம் அவர்.

ஒருமுறை அண்ணியைக் கேட்டேன், அன்றைக்கு அந்தத் தூக்கம் எப்படி வந்தது என்று. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"சோறு உள்ள எறங்க எறங்க, வூட்டுக்குள்ள யாரோ ஒவ்வொரு கதவா சாத்திக்கினே வந்த மாதிரி இருந்துச்சிடி" என்றார். "கடேசிக் கதவ யாரு சாத்துனாங்கன்னு நான் பாக்கல."